ஒன்பதாம் குழி

ஒன்பதாம் குழி இருட்டாக இருக்க வேண்டும். பதினெட்டு வருஷமாக இருட்டாகத்தான் இருந்தது. தில்லைநாயகி நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்தாள், இறுக மூடினாள், மனதுக்குள் இருபது எண்ணினாள், திரும்பவும் வைத்தாள். பச்சை. ஈரக் கண்ணாடிக்குப் பின்னால் யாரோ தினையை வாரி இறைத்த மாதிரி, ஒவ்வொரு செல்லுக்குள்ளும் பொடிப்பொடியாகப் பச்சைப் புள்ளிகள். குழி மாறிவிட்டதா என்று முதலிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தாள். எட்டு, தேர்வுக்கென்று கொடுத்த மாதிரிகளில் ஒன்று, சாதுவாக மங்கிக் கிடந்தது. பத்து, நோய் உண்டென்று தெரிந்தே வைத்த ரத்தம், ஒவ்வொரு செல்லும் வட்டம் முழுக்க ஒரே சீராக, பளபளவென்று, வைத்தது வைத்தபடி. இரண்டுக்கும் நடுவே ஒன்பது. புள்ளிகள். கண்ணாடித் துண்டைத் தாங்கும் தட்டின் திருகை அவள் விரல் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. நகர்த்தினால் எட்டு, நகர்த்தினால் பத்து, விட்டால் ஒன்பது. வேறு எங்கும் போக வழியில்லாத ஒரு சின்னத் தெரு.

வெளியே சிவப்பு விளக்கு எரிகிறது. அது எரிந்தால் நோயெதிர்ப்பியல் துறையின் இருட்டறைக் கதவை யாரும் திறக்கக் கூடாது. துணைவேந்தரே வந்தாலும் நிற்க வேண்டியதுதான். ஜன்னலுக்குக் கறுப்புத் தாள் ஒட்டி, அந்தத் தாளின் ஓரம் உரிந்து, மேலே இன்னொரு தாள் ஒட்டி, இப்போது அது சுவராகவே ஆகிவிட்டது. மணி பதினொன்றுதான். வெளியே ஐப்பசி வெயில் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும், தாழ்வாரத்தில் இன்றைய பிரிவின் ஆறு மாணவிகள் வெள்ளைக் கோட்டோடு சுவரில் சாய்ந்திருப்பார்கள். இறுதிச் செய்முறைத் தேர்வு. காலையில் சீட்டுக் குலுக்கிப் போட்டு ஆளுக்கொரு பரிசோதனை எடுத்தார்கள். ஒளிர்வுப் பரிசோதனை வந்தது ஃபர்ஹானாவுக்கு. சீட்டைப் பிரித்ததும் அந்தப் பெண்ணின் முகம் போன போக்கைத் தில்லைநாயகி பார்த்தாள், பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டாள். செய்முறை ஒன்றும் கடினமில்லை. கண்ணாடித் துண்டில் பத்துக் குழி. ஒவ்வொன்றின் அடியிலும் மனிதச் செல்கள் ஒரு மெல்லிய படலமாக ஒட்டியிருக்கும். ரத்தம் உறைந்த பின் மேலே தெளியும் மஞ்சள் நீர், அதைத்தான் சீரம் என்பது, அதில் ஒரு சொட்டு விட வேண்டும். தன் உடம்பின் செல்லையே பகையாக நினைக்கும் ரத்தமென்றால் அதிலுள்ள ஏதோ ஒன்று போய் ஒட்டிக்கொள்ளும். கழுவி, பச்சைச் சாயம் விட்டு, மறுபடி கழுவி, இந்த விளக்கின் கீழ் வைத்தால் ஒட்டியது ஒளிரும். நல்ல ரத்தம் ஒளிராது. அது நல்ல ரத்தம் என்பதைக் காட்டத்தான் ஒன்பதாம் குழி. அதில் விடும் சீரம் உறைபெட்டியின் மேல்தட்டில், நீல மூடிக் குப்பிகளில், ‘நெகட்டிவ்’ என்று எழுதி ஒட்டி இருக்கும். யாருடையது என்று பிள்ளைகள் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். மறைக்க அதில் என்ன இருந்தது, பெருமைதானே.

பெருமைதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்போதைய துறைத்தலைவர் ஊழியர்கள் ஒன்பது பேரின் ரத்தத்தையும் எடுத்து இதே பரிசோதனையில் ஓட்டிப் பார்த்தார். பரிசோதனைக் கிட்டோடு வரும் நெகட்டிவ் சீரம் நாலே சொட்டு, அது நோயாளிகளின் பரிசோதனைக்கே சரியாக இருக்கும், வகுப்புக்கு நம் வீட்டு ரத்தம் வேண்டும் என்றார். இதே அறையில், இதே நாற்காலியில் அவர் உட்கார்ந்து பார்த்துவிட்டு, ‘‘உன் ரத்தம் கறுப்பு வெல்வெட்டும்மா, ஒரு பொட்டு இல்ல’’ என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஜூனிலும், வகுப்பு திறந்த மறுநாள், டெக்னீஷியன் அருளப்பன் வந்து நிற்பார். ‘‘மேடம், காணிக்கை.’’ இடது கை. முறுக்கிக் கட்டுவார், குத்துவார், ஒவ்வொரு வருஷமும் அதே பகடி: ‘‘உங்க ரத்தம் பச்சைத் தண்ணி மேடம். அதுக்கு ஒரு விவரமும் தெரியாது.’’ பிரித்து, குப்பிகளில் நிரப்பி, எழுதி ஒட்டி, உறைபெட்டியில். அவ்வளவுதான். ஒரு வருஷம்கூட, ஒரே ஒரு வருஷம்கூட, அதைக் குப்பியில் அடைக்கும் முன் மறுபடி ஓட்டிப் பார்க்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. எதற்குத் தோன்ற வேண்டும். நெகட்டிவை வைத்து மற்றதைச் சோதிப்பதுதான் வழக்கம். நெகட்டிவை யார் சோதிப்பார்கள். வீட்டுக் கடிகாரத்தைப் பார்த்து ஊரெல்லாம் மணி சொல்கிறோம், கடிகாரத்திடம் போய் உனக்கு உடம்பு சரியாக இருக்கிறதா என்று கேட்கிறோமா. பதினெட்டு வருஷம் பிள்ளைகள் அவளை ஒன்பதாம் குழியில் விட்டு, கழுவி, சாயம் ஏற்றி, குனிந்து பார்த்து, ‘‘ஒண்ணுமில்ல மேடம்’’ என்று சொன்னார்கள். ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. அதைக் கேட்டுக்கேட்டு அது ஒரு ஆசீர்வாதம் மாதிரி ஆகிவிட்டது என்பது இப்போதுதான், அது இல்லாமல் போன பிறகுதான், தெரிகிறது.

பத்திலிருந்து வழிந்திருக்கலாம். அதுதான். கழுவும்போது நீரைப் பீச்சியடித்தால் ஒரு குழியின் சீரம் பக்கத்துக் குழிக்கு வழியும், எல்லா வகுப்பிலும் யாராவது ஒருத்தி செய்வாள், அதற்காகத்தான் அவளே ஒரு விதி எழுதித் தட்டச்சு செய்து ஆய்வகச் சுவரில் ஒட்டியிருக்கிறாள்: நெகட்டிவ் ஒளிர்ந்தால் பரிசோதனை முழுவதும் செல்லாது, மதிப்பெண் பூஜ்யம். ஃபர்ஹானா வழிய விட்டிருப்பாள். அவளுக்குப் புனேயில் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது, ஜனவரியில் சேர வேண்டும், பூஜ்யம் வாங்கினால் ஆறு மாதம் தள்ளிப்போகும், இடம் போய்விடும், அந்தப் பயத்தில் அவசரமாகப் பீச்சியிருப்பாள், வழிந்திருக்கும். ஆனால் பத்தில் இருப்பது முழு வட்டம். வழிந்தாலும் வட்டம்தான் வழியும். வட்டம் வழிந்து புள்ளியாகுமா. தில்லைநாயகி இந்தக் கேள்வியைச் சுற்றி வந்தாள், வேறு பக்கமாக வந்து பார்த்தாள், அந்தப் பக்கத்திலும் அதுவே நின்றது. நோயில்லாத சிலபேருக்கும் சீரம் சும்மாவே லேசாக ஒளிரும், இருபது பேரில் ஒருவருக்கு, வயதான பெண்களுக்குக் கூடுதலாகவே, அதனால் ஒன்றும் வராது, இதையும் அவளே வகுப்பில் சொல்லியிருக்கிறாள். லேசாக. இது லேசா? புள்ளிகளை எண்ணத் தொடங்கினாள். இருபத்தேழு, இருபத்தெட்டு, முப்பத்தொன்று, தவறிப்போனது, மறுபடி. நாற்பதைத் தாண்டிப் போனது. ஓரத்தில் ஒரு செல் இரண்டாகப் பிரிந்துகொண்டிருந்தது. அதில் புள்ளிகள் சிதறிக் கிடக்காமல் நடுவே ஒரே கோடாக நின்றன, வகிடு எடுத்த மாதிரி. அதைப் பார்த்தபின் எண்ண ஒன்றுமில்லை. தோல் இறுகும் அந்த நோயைத் தவிர வேறெதுவும் இப்படி வகிடு எடுப்பதில்லை. படம் போட்டுக் காட்டி, குச்சியால் தொட்டு, ‘‘இந்தக் கோட்டைப் பார்த்துட்டா சந்தேகமே வேண்டாம்’’ என்று பதினெட்டுத் தொகுதிப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறாள். சந்தேகமே வேண்டாம். எவ்வளவு உற்சாகமாகச் சொல்லியிருக்கிறாள் அதை.

போன மார்கழியில் குளிர்அறையிலிருந்து வந்தபோது வலது கை நடுவிரலும் மோதிர விரலும் மெழுகு மாதிரி வெளுத்திருந்தன. பிறகு நீலம், பிறகு சிவப்பு, பிறகு குத்துகிற மாதிரி வலி. ஏசி என்று நினைத்தாள். நினைத்தாளா? நினைக்கவில்லை, வாசலில் வந்து நின்ற ஒரு நினைப்பைப் பார்த்து, ஆள் இல்லை என்று கதவைச் சாத்தினாள், அதுதான் நடந்தது. மறுநாளிலிருந்து குளிர்அறைக்குப் போனால் இரண்டு ஜோடிக் கையுறை. சாம்பார் சாதம் நெஞ்சில் நின்று நின்று இறங்கியது. வயசாகிறது, மென்று சாப்பிடுவதில்லை என்று வைத்துக்கொண்டாள். வீட்டில் கேட்க ஆளில்லை; கணவர் வேங்கடகிருஷ்ணன் போய் ஆறு வருஷம், மகள் கனடாவில், ஞாயிற்றுக்கிழமை காணொளியில் ‘‘அம்மா ஏன் மூஞ்சி வழவழன்னு இருக்கு, க்ரீம் போடறியா’’ என்று சிரித்தாள். இருவருமாகச் சிரித்தார்கள். வழவழ. தில்லைநாயகி இருட்டில் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். கிள்ளிப் பார்த்தாள், தோல் வந்தது, வந்ததா, முன்பு எவ்வளவு வரும் என்று யார் கண்டது. மூன்று விரலைச் செங்குத்தாகச் சேர்த்து வாய்க்குள் வைத்தாள். நோயாளிக்கு அப்படித்தான் அளப்பது, மூன்று விரல் போனால் சரி. போனது. எடுத்தாள். கொஞ்சம் அகட்டித் திறந்தோமோ, இயல்பாகத் திறந்தால் போகுமோ என்று மறுபடி வைத்தாள். இருட்டில் ஐம்பத்து மூன்று வயசு இணைப்பேராசிரியை வாயில் மூன்று விரலோடு உட்கார்ந்திருக்கிறாள், நுண்ணோக்கியின் விசிறி மட்டும் ஓடுகிறது. வகுப்புக்கு வரும் நோயாளி வேதவல்லி இப்படித்தான் திறந்து காட்டுவாள். பத்திரப்பதிவு அலுவலகத்தில் தட்டச்சு செய்தவள். விரல்கள் மடங்கி இறுகிப்போய் வேலையை விட்டவள். வருஷம் ஒருமுறை வகுப்புக்குக் கூப்பிட்டு ஸ்டூலில் உட்கார வைப்பார்கள், நாற்பது பிள்ளைகள் வரிசையாக வந்து கையைத் தொட்டு, வாயைத் திறக்கச் சொல்லி, நன்றி சொல்லி நகர்வார்கள். ‘‘இத்தனை பேர் எட்டிப் பாத்தாச்சு, உள்ள என்ன இருக்குன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கிறீங்களே டாக்டர்’’ என்பாள். வகுப்பே சிரிக்கும். இட்லியைப் பொடித்துத்தான் சாப்பிட முடியும் அவளால். நாலாவது வருஷம் நுரையீரல். அந்த வருஷம் ஸ்டூலுக்கு வேறொரு ஆளைத் தேடினார்கள். நோயாளி கிடைக்காத வருஷம் துறைக் கூட்டத்தில், யாராவது நல்ல கேஸ் இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்பது யார்? தில்லைநாயகிதான். நல்ல கேஸ்.

மங்குகிறது. முதலில் கண்ணீரென்று நினைத்தாள், துடைத்துப் பார்த்தாள், இல்லை, நிஜமாகவே மங்குகிறது. இந்தச் சாயத்தின் குணம் அது. விளக்கொளி பட்டுக்கொண்டே இருந்தால் வெளுத்து அணைந்துவிடும், பார்க்கப் பார்க்கப் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாமல் போகும். அதனால்தான் தேர்வில் முதலில் ஆசிரியர் சட்டென்று பார்த்துவிட்டு, ஒளியை மூடி வைத்து, பிறகு மாணவியைக் கூப்பிடுவது. அவள் மூடவில்லை. எத்தனை நிமிஷம் ஆயிற்று? புள்ளிகள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கின. வகிடு கலைந்தது. பச்சை சாம்பலாகி, சாம்பல் இருட்டாகி, கறுப்பு வெல்வெட். அவள் நெஞ்சில் ஏதோ இறங்கி உட்கார்ந்தது, நிம்மதி, வெட்கங்கெட்ட நிம்மதி. ஒண்ணுமில்ல மேடம். தட்டை ஒரு நூலளவு நகர்த்தினாள். பக்கத்து இடத்தில் புதுச்செல்கள், ஒளி படாதவை, அத்தனையும் பொரிந்துகொண்டு நின்றன. அங்கேயும் நின்று பார்த்தாள். அணைந்தது. நகர்த்தினாள். எரிந்தது. ஒரு குழிக்குள் இப்படி எத்தனை இடம் இருக்கும், நூறா, இருநூறா? பொறுமையாக உட்கார்ந்தால் எல்லாவற்றையும் அணைத்துவிடலாம். மதியம் ஆகும், மாலை ஆகும், வெளியே சிவப்பு விளக்கு எரியும், யாரும் திறக்க மாட்டார்கள். முடித்துவிட்டு வெளியே வந்து ஒன்பது இருட்டு என்று சொன்னால் அது பொய்யும் இல்லை. ஆனால் உறைபெட்டியில் இன்னும் இருபது குப்பி. அதற்குப் பின்னால் இடது கை. கைக்குள் ஓடுவது. அதன் மேல் எந்த விளக்கைப் பிடிப்பது.

‘‘மேடம்!’’ கதவை விரல் முட்டியால் தட்டுவது அருளப்பன். ‘‘உள்ள கண் அசந்துட்டீங்களா? இங்க பிள்ளைங்க நகத்தைக் கடிச்சுக்கிட்டு நிக்குதுங்க. அந்த ஃபர்ஹானா மூணு தடவை பாத்ரூம் போயிட்டு வந்துடுச்சு.’’ வெளியே யாரோ களுக்கென்று சிரித்து அடக்கினார்கள். ‘‘அஞ்சு நிமிஷம்’’ என்றாள். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. ‘‘அஞ்சு நிமிஷம்னு சொல்லி அரை மணி ஆச்சுங்க. ஜெனிட்டா கேக்குது, உங்களுக்கு டீ வாங்கிட்டு வரட்டுமான்னு.’’ ஜெனிட்டா. ஒளியை மூடினாள். அந்தப் பெயர் இருட்டில் தனியாக நின்றது. போன மாதம் மாதிரித் தேர்வு, இதே சீட்டு ஜெனிட்டாவுக்கு விழுந்தது, ஜூனில் எடுத்த சீரத்தை முதன்முதலாக உருக்கிப் பயன்படுத்திய நாள் அது. ‘‘மேடம், ஒன்பது ஒளிருது’’ என்றாள் அந்தத் தூத்துக்குடிப் பெண். ‘‘வழிய விட்டிருப்பே’’ என்றாள் இவள். ‘‘இல்ல மேடம், புள்ளியா இருக்கு. ஒருதடவை வந்து பாருங்க மேடம்.’’ ‘‘பார்க்கறதுக்கு என்ன இருக்கு? பிப்பெட் பிடிக்கக் கத்துக்க முதல்ல.’’ எல்லார் முன்னாலும். பூஜ்யம் போட்டாள், சிவப்பு மையில். அந்தப் பெண் அழவில்லை; கண்ணாடித் துண்டைக் கழிவு ஜாடியில் போட்டாள், டொக்கென்று ஒரு சத்தம். அன்றைக்கு எழுந்து நாலு அடி நடந்து குனிந்து பார்த்திருந்தால் ஒரு மாதம் முன்னாலேயே தெரிந்திருக்கும். ஏன் எழவில்லை? தெரியாததாலா? வாசலில் நின்ற நினைப்பு, சாத்திய கதவு, இரண்டு ஜோடிக் கையுறை. தெரிந்ததால்தான் எழவில்லை என்று இருட்டில் ஒரு குரல் சொன்னது. அது அவளுடைய வகுப்புக் குரல், தெளிவான, சந்தேகமே வேண்டாம் என்கிற குரல்.

இப்போதும் அதே வாசகம் நாக்கு நுனியில் இருக்கிறது. வழிய விட்டிருக்கே. மூன்று சொல்கூட இல்லை. விதி சுவரில் ஒட்டியிருக்கிறது, யாரும் கேட்க மாட்டார்கள். புனே போய்விடும், அவ்வளவுதானே, சின்ன வயசு, வேறொரு இடம் கிடைக்கும். கண்ணாடித் துண்டு கழிவு ஜாடிக்குப் போகும். குப்பிகளை அவளே ஒரு சனிக்கிழமை எடுத்துக் கொட்டிவிடலாம். இரத்தசோகை, இனிமேல் என்னிடம் எடுக்க வேண்டாம் என்று அருளப்பனிடம் சொல்லலாம். பிறகு தினமும் இந்தக் கட்டிடத்துக்கு வந்து, படிக்கட்டு ஏறி, மூச்சு வாங்குவது மாடியாலா வேறெதனாலா என்று மூன்றாம் தளத்தில் நின்று யோசித்து, யாரிடமும் சொல்லாமல். நோய் வந்தவளுக்கு வழி உண்டு, மாத்திரை உண்டு, வருஷா வருஷம் பரிசோதனை உண்டு. நோய் இல்லாதவளாகவே இருக்க வேண்டியவளுக்கு என்ன வழி? அவள் எழுந்தாள், கால் மரத்திருந்தது. கதவை ஒரு கை அகலம் திறந்தாள். வெளிச்சம் அறைந்தது.

‘‘ஃபர்ஹானா, உள்ள வா.’’

வந்த பெண்ணிடம் டெட்டால் சோப்பு வாசனை அடித்தது. கதவு மூடியது. ‘‘உக்காரு. ஒண்ணுலேருந்து படி.’’ அவள் ஸ்டூலை இழுத்துக்கொண்டு குனிந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று முதலில் தயங்கி, பிறகு நிதானப்பட்டு, சரியாகத்தான் சொல்லிக்கொண்டு போனாள். ஒவ்வொரு எண்ணுக்கும் திருகு க்ரிக் என்றது. எட்டு, மங்கலாகப் பொடிப்பொடி.

‘‘ஒன்பது இருட்டு மேடம். நெகட்டிவ்.’’

திருகு சத்தம் கேட்கவில்லை. பெண் நகர்த்தவே இல்லை. ஜெனிட்டாவுக்கு விழுந்த பூஜ்யத்தைப் பார்த்தவள். எது சரியான விடை என்று தெரிந்தவள். இந்தப் பதிலை இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது யாரென்று தேட வேண்டியதில்லை. சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும். யாருக்கும் நஷ்டமில்லை. புனே போவாள், இவள் வீட்டுக்குப் போவாள். சரி. அந்தச் சொல் இருட்டில் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று தெரியவில்லை.

‘‘நீ இன்னும் எட்டுலதான் இருக்கே’’ என்றாள் தில்லைநாயகி.

க்ரிக்.

‘‘மேடம், சத்தியமா நான் வழிய விடல. ஒவ்வொரு குழியா ஒத்தி ஒத்தித்தான்...’’

‘‘அதைக் கேக்கல. என்ன தெரியுது?’’

‘‘புள்ளி மேடம். எல்லாத்துலயும். பிரியற செல்லுல நடுவுல கோடா நிக்குது.’’

‘‘பத்துலேருந்து வந்திருக்குமா?’’

‘‘எப்படி மேடம் வரும்? பத்து முழு வட்டமில்ல?’’ பயம் போய் அவள் குரலில் வேறொன்று வந்திருந்தது. கண்ணை எடுக்காமல் பேசினாள். ‘‘இது தோல் இறுகற நோய் மேடம். மெதுவா வரும், பல வருஷம் எடுக்கும். விரல்ல ஆரம்பிக்கும். நுரையீரலை வருஷா வருஷம் பாக்கணும். சீக்கிரம் பாத்துட்டா நிறைய பேர் நல்லாவே இருப்பாங்க... இதைப் பயமுறுத்தாம சொல்லணும்னு சொன்னீங்க.’’ நிறுத்தினாள். ‘‘ஆனா மேடம், நெகட்டிவ் குப்பியில இது எப்படி? யாரோ கொடுத்த ரத்தம்தான அது? பாவம், அவங்களுக்குத் தெரியவே தெரியாதா?’’

தில்லைநாயகி எழுதுவதற்கான சிறு மேசை விளக்கைப் போட்டாள். ஒரு சாண் அளவு மஞ்சள் வெளிச்சம் மேசைமேல் விழுந்தது. அடுக்கிலிருந்து ஒரு தாளை உருவி அதற்குள் வைத்தாள். தேர்வு விடைத்தாள் அல்ல, வெளிநோயாளிகளுக்குக் கொடுக்கும் அறிக்கைப் படிவம்.

‘‘உனக்கு முழு மார்க். வெளிய போனதும் ஜெனிட்டாவை வரச் சொல்லு, அவகிட்ட என்னோட தப்பு ஒண்ணைச் சொல்லணும். அதுக்கு முன்னாடி இதை எழுது. நீ பாத்ததை நீயே எழுது, நான் கையெழுத்துப் போடறேன்.’’

ஃபர்ஹானா பேனாவைத் திறந்தாள். ‘‘பேரு என்ன போடறது மேடம்?’’

‘‘தில்லைநாயகி வேங்கடகிருஷ்ணன். பெண். வயசு ஐம்பத்து மூணு.’’

பேனா நகரும் சத்தம் கேட்கவில்லை. வெளிச்சத்துக்கு அந்தப் பக்கம் பெண்ணின் முகம் எப்படி ஆகியிருக்கும் என்று தெரியவில்லை. நுண்ணோக்கியின் விசிறிக் காற்றில் தாளின் ஓரம் மெல்ல மேலே எழுந்து அடங்கியது. தில்லைநாயகி கையை நீட்டி, பெண்ணுக்கு வாகாக, அதை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

‘‘எழுதும்மா’’ என்றாள்.